செங்கைச் சீமையின் கதை – 21: நத்தையும் சாட்டையும்

1949 ஆகஸ்ட் 28ஆம் தேதி டெல்லியின் 'சங்கர்ஸ் வீக்லி' இதழில் ஒரு கார்ட்டூன் வந்தது. படத்தின் நடுவே பெரிய நத்தை ஒன்று. அந்த நத்தைதான் இந்திய அரசியல் சட்டம். அதன் முதுகில் சாட்டையோடு அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நின்று நேரு சாட்டையை ஓங்குகிறார். சுற்றிலும் திரளான சனம் நின்று வேடிக்கை பார்க்கிறது.

வரைந்தவர் காயங்குளத்தில் பிறந்த கே. சங்கர் பிள்ளை. 1932 முதல் 'இந்துஸ்தான் டைம்ஸ்' பத்திரிகையில் வரைந்து பேர் வாங்கிவிட்டு, 1948இல் சொந்தமாக வார இதழ் தொடங்கியவர். தன்னையும் விட்டுவைக்க வேண்டாம் என்று நேருவே அவரிடம் சொன்னதாகப் பத்திரிகை உலகில் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். இந்தியக் கார்ட்டூன் கலையின் தந்தை என்ற பெயர் அவருக்குப் பொருத்தமானதே. ஒரே வாரத்தில் மறந்துபோக வேண்டிய அந்தப் படம் 57 ஆண்டுகள் கழித்து மீண்டும் அச்சேறியது. 2006இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட 11ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூல் அதை எடுத்துப் போட்டது. அரசியல் சட்டம் எழுதி முடிக்க ஏன் இவ்வளவு காலம் ஆனது என்று மாணவர்களைச் சிந்திக்கச் சொல்லும் கேள்வியும் அதன் பக்கத்தில் இருந்தது.

2012 மே 11ஆம் தேதி சிதம்பரம் தொகுதி உறுப்பினர் தொல். திருமாவளவன் மக்களவையில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசினார். அவை கொந்தளித்தது. அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்து, படத்தை நீக்குவதாக அறிவித்தார். பாடநூலின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் அன்றே பொறுப்பிலிருந்து விலகினார்கள். மறுநாள் புணே பல்கலைக்கழகத்தில் பல்ஷிகரின் அலுவலக அறை அடித்து நொறுக்கப்பட்டது.

டெல்லியில் வரைந்த படத்துக்கும் புணேயில் உடைந்த நாற்காலிக்கும் செங்கற்பட்டுக் கதையில் என்ன இடம் என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்கு இது நம் கதையின் நடுப்பகுதியாகவே படுகிறது.

சென்ற இதழில் 1891ஐப் பார்த்தோம். செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையைப் படித்தோம். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், வாங்கிய கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக மிராசுதாரின் நிலத்தில் கட்டுண்டு கிடந்தவர்களின் வாழ்க்கை அதில் பதிவாகியிருக்கிறது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையால் பிறந்ததுதான் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம். அதே ஆண்டுகளில், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தினார். பிறர் இழிவாக உச்சரித்த பெயரை எடுத்து முகப்பில் அச்சிட்டவர் அவர். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாக உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அம்பேத்கர். இன்னொருவர் நம் கோழியாளத்துக்காரர்.

இதே பகுதியில் 1994இல் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாமல்லபுரத்தை அடுத்த காரணையில், கைமாறிப்போன பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய மக்கள் அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலையை நட்டார்கள். காவல்துறை சிலையை அகற்றியது. அக்டோபர் 10ஆம் தேதி செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். இந்த ஊர்களில் அம்பேத்கரின் உருவம் சுவரில் மாட்டும் அலங்காரப் படம் கிடையாது. நிலத்துக்குப் பட்டா கேட்பவன் ஊன்றும் எல்லைக்கல் அது. அதைப் பிடுங்கினால் உயிரைக் கொடுத்தும் தடுப்பார்கள் என்பதற்கு இரண்டு பேரின் மரணம் சாட்சியாக இருக்கிறது.

இந்த மண்ணில் வளர்ந்த ஒரு பதினாறு வயது மாணவன் 11ஆம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கண்ணில் நத்தை கடைசியாகத்தான் படும். முதலில் படுவது சாட்டை. அதை ஓங்கியிருக்கும் கை யாருடையது, அதற்கு முன்னால் இருக்கும் முதுகு யாருடையது என்பதை அவனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அடுத்து, சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டம். வகுப்பில் நாற்பது பேரும் சிரித்தால் தானும் சிரிக்க வேண்டுமா என்று அவன் ஒரு கணம் யோசிப்பான். அந்தக் கணத்தைப் பாடநூல் எழுதிய அறிஞர்கள் யோசித்திருக்கவில்லை. அவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்கள், மனப்பாடக் கல்வியை உடைத்துச் சிரிப்போடு அரசியல் சொல்லிக்கொடுக்க முயன்றவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனால்தான் இந்த விடுபடல் இன்னும் வலிக்கிறது.

படத்தைக் காக்க வந்தவர்கள் சொன்ன வாதங்களில் முக்கியமானது இது: நேரு அடிப்பது நத்தையை, அம்பேத்கரை அல்ல; இருவரும் சேர்ந்து ஒரே நத்தையை விரட்டுகிறார்கள். சங்கரின் நோக்கம் அதுதான் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் வரைந்தவரின் நோக்கம் அவரோடு இருந்துவிடுகிறது. தாளில் இருப்பது கோடுகள் மட்டுமே. அந்தக் கோடுகளைப் படிக்கிறவர்கள் 1949இல் யார், 2012இல் யார்? டெல்லியில் ஆங்கில வார இதழ் வாங்கிப் படித்த மிகச் சிறிய கூட்டத்தின் கையில் இருந்தவரை படத்துக்கு ஒரே பொருள்தான் இருந்திருக்கும். சேரியிலிருந்து முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் கைக்குப் போனபோது அதற்கு இரண்டாவது பொருள் பிறந்தது. அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதில் நத்தை என்று கேலி செய்யப்பட்ட அந்தச் சட்டத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

சாட்டையைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள் நத்தையைப் பற்றி அதிகம் பேசவில்லை. எனக்கு அந்தக் குற்றச்சாட்டைத்தான் முதலில் சோதிக்கத் தோன்றுகிறது. அரசியல் சட்டம் உண்மையிலேயே நத்தை வேகத்தில்தான் நகர்ந்ததா?

வரைவுக் குழு அமைக்கப்பட்டது 1947 ஆகஸ்ட் 29. கார்ட்டூன் வந்தது அதற்குச் சரியாக இரண்டாண்டு நிறைவதற்கு முந்தின நாள். நாடு இரண்டாகப் பிளந்த கையோடு தொடங்கிய வேலை அது. இடையில் காந்தி கொல்லப்பட்டார், சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வரைவின் மீது முன்மொழியப்பட்ட திருத்தங்கள் 7,635. அவற்றில் அரசியல் நிர்ணய சபையில் எடுத்துக்கொள்ளப்பட்டவை மட்டும் 2,473. ஏழு பேர் கொண்ட குழு என்பது பெயரளவில்தான். 1948 நவம்பர் 5ஆம் தேதி டி.டி. கிருஷ்ணமாச்சாரி அவையில் எழுந்து அந்த உண்மையைப் போட்டு உடைத்தார். ஒருவர் பதவி விலகினார். ஒருவர் இறந்துபோனார். ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஒருவர் மாநில வேலைகளில் மூழ்கிவிட்டார். ஓரிருவர் உடல்நலமில்லாமல் டெல்லிக்கு வெளியே இருந்தார்கள். ஆகப் பாரம் முழுவதும் அம்பேத்கர் ஒருவர் தலையில் விழுந்தது என்றார் அவர். சென்னையிலிருந்து போன ஒரு காங்கிரஸ்காரர் கொடுத்த சாட்சியம் இது. அந்தச் சமயத்தில் அம்பேத்கருக்கு உடம்பு நன்றாக இல்லை. நீரிழிவும் கால்வலியும் அவரை வாட்டிக்கொண்டிருந்தன.

கேலிக்கு அம்பேத்கரும் பதில் சொல்லியிருக்கிறார். 1949 நவம்பர் 25ஆம் தேதி, அரசியல் சட்டம் ஏற்கப்படுவதற்கு முந்தின நாள், அவையில் அவர் ஆற்றிய நிறைவுரை பலருக்கும் தெரியும். தனிமனித வழிபாட்டைப் பற்றியும், சமூக ஜனநாயகம் இல்லாத அரசியல் ஜனநாயகத்தைப் பற்றியும் அவர் விடுத்த எச்சரிக்கைகளுக்காக அது திரும்பத் திரும்பப் படிக்கப்படுகிறது. அதே உரையில் தாமதக் குற்றச்சாட்டை எடுத்துவைத்துக்கொண்டு அவர் கணக்குப் போடுகிறார். அமெரிக்கா நான்கு மாதத்தில் முடித்தது. கனடாவுக்கு இரண்டு ஆண்டு ஐந்து மாதம். ஆஸ்திரேலியாவுக்கு ஒன்பது ஆண்டு. தென்னாப்பிரிக்காவுக்கு ஓராண்டு. நமக்கு மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் நம்முடையது 395 பிரிவுகள் கொண்டது, அமெரிக்காவினுடையது வெறும் ஏழு. அந்த நாடுகள் எதுவும் இத்தனை ஆயிரம் திருத்தங்களைச் சந்திக்கவில்லை. வரைவுக் குழுவைக் கிண்டல் செய்து ஒரு உறுப்பினர் வைத்த பட்டப்பெயரையும் அவர் அங்கேயே எடுத்துச் சொல்லிப் பதில் கொடுக்கிறார். நத்தைப் படம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அந்த உரையிலிருந்து இரண்டு பத்தியை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் அச்சிட்டிருந்தால் போதும். வேடிக்கை பார்த்த கூட்டத்துக்கு நத்தை மேல் இருந்தவர் திரும்பிப் பதில் சொல்வதை மாணவர்கள் கேட்டிருப்பார்கள். படத்தைக் கிழித்தெடுத்ததால் அவர்களுக்குக் கேலியும் போயிற்று, பதிலும் போயிற்று. எனக்கு இதில்தான் தீராத மனக்குறை.

பாடநூல்களில் உள்ள படங்களை ஆராயப் பேராசிரியர் எஸ்.கே. தோரட் தலைமையில் குழு போட்டார்கள். பல படங்களை நீக்கவும் மாற்றவும் அது பரிந்துரைத்தது. மறுப்புக் குறிப்பு எழுதியவர் அந்தக் குழுவிலிருந்த தமிழர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். பிராமணர், பிராமணரல்லாதார் அரசியலையும் எம்.ஜி.ஆர். பிம்பத்தையும் ஆழமாக ஆராய்ந்தவர். சாதியின் கொடுமையை அறியாதவர் என்று யாராலும் சொல்ல முடியாத ஒருவர். அவர் நீக்கத்துக்கு உடன்படவில்லை என்பதை இந்த விவாதத்தில் எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

தோரட் குழு வேலை செய்துகொண்டிருந்தபோதே இரண்டாவது புயல் வந்தது. அது நேரே தமிழ்நாட்டிலிருந்து கிளம்பியது. 12ஆம் வகுப்புப் பாடநூலில் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றி ஆர்.கே. லட்சுமண் வரைந்த கார்ட்டூன் இருந்தது. கல்லேந்திய மாணவன் ஒருவன். இந்தி கட்டாயமில்லை என்ற உறுதிமொழிகள் அவன் முன்னால் ஆங்கிலத்தில். பையனுக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியாது என்பதுதான் நகைச்சுவை. கருணாநிதியும் வைகோவும் கடுமையாகக் கண்டித்தார்கள். ஏறக்குறைய எல்லாத் தமிழகக் கட்சிகளும் ஒரே குரலில் பேசின.

1965இன் கதையில் செங்கற்பட்டு மாவட்டத்தார் எல்லாப் பக்கத்திலும் நிற்கிறார்கள். அன்றைய முதலமைச்சர் எம். பக்தவத்சலம், அப்போது நம் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீபெரும்புதூர் தொகுதி உறுப்பினர். குடியரசு நாளைத் துக்க நாளாக அறிவித்த அண்ணா காஞ்சிபுரத்துக்காரர். காஞ்சியும் அன்று செங்கற்பட்டு மாவட்டம்தான். மூன்றாவதாக ஒருவர், இன்று அதிகம் நினைக்கப்படாதவர்: ஓ.வி. அளகேசன். செங்கற்பட்டின் மக்களவை உறுப்பினர், மத்திய இணையமைச்சர். 1965 பிப்ரவரி 11ஆம் தேதி மத்திய அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அவரும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்று இரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழியைக் காப்பதாகச் சொல்ல நேர்ந்தது. இதே அளகேசன் அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தவர். ஆக, சங்கரின் நத்தையில் ஏறி வந்தவர்களில் ஒருவரும், லட்சுமணின் மாணவனுக்காகப் பதவியை விட முன்வந்தவரும் செங்கற்பட்டு அனுப்பிய அதே மனிதர்தான்.

லட்சுமணின் நகைச்சுவை உண்மைக்கும் புறம்பானது. போராடியவர்கள் கல்லூரி மாணவர்கள். அன்றைய கல்லூரிப் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. அவர்கள் கேட்டதே ஆங்கிலம் ஆட்சிமொழியாகத் தொடர வேண்டும் என்று. மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன் இரண்டே ஆண்டில் விருதுநகரில் காமராசரைத் தேர்தலில் தோற்கடித்தார். அதே தேர்தலில் ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலமும் தோற்றார். போராட்டத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 70 பேர் என்பது அரசுத் தரப்புக் கணக்கு. தீக்குளித்தவர்களும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்களும் இருந்த ஒரு மாதத்தை, எழுதப் படிக்கத் தெரியாத பையனின் கல்லெறியாகப் பார்த்தது பம்பாயில் இருந்த பார்வை. லட்சுமண் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், மகா கலைஞர். 'சாமானியன்' என்ற உருவத்தைப் படைத்து அரை நூற்றாண்டு இந்தியாவைச் சிரிக்க வைத்தவர். ஆனால் அந்த வேட்டி கட்டிய, கட்டம்போட்ட கோட்டுக்காரர் எந்த ஊர்ச் சாமானியன், எந்த வர்க்கத்துச் சாமானியன் என்று கேட்க ஒரு தலைமுறை ஆயிற்று.

ஒரு வேறுபாட்டை இங்கே விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். 1987இல் 'ஆனந்த விகடன்' அட்டையில் வந்த அமைச்சர், எம்.எல்.ஏ. ஜோக்குக்காகத் தமிழகச் சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வெடித்ததும் சில நாளிலேயே விடுவித்தார்கள். பிறகு வழக்கில் வென்று அவர் ஆயிரம் ரூபாய் இழப்பீடு பெற்றார். அங்கே புண்பட்டவர்கள் கையில் சிறைச் சாவி இருந்தது. 2012இல் புண்பட்டதாகச் சொன்ன மாணவன் கையில் ஒன்றுமில்லை. இரண்டையும் 'கருத்துச் சுதந்திரம்' என்ற ஒரே தராசில் நிறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேராசிரியர் அறையை உடைத்தவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் அம்பேத்கரின் 1949 உரையைத் திறந்து பார்த்திருந்தால் அதில் தெருக்கலகத்தை அவர் எவ்வளவு உறுதியாக மறுக்கிறார் என்பதைக் கண்டிருப்பார்கள்.

உலகத்தில் மற்ற இடங்களிலும் இதே காலத்தில் இந்தக் கணக்கு நடந்தது. பெல்ஜிய ஓவியர் எர்ஜே 1930-31இல் வரைந்த 'காங்கோவில் டின்டின்' கறுப்பின மக்களை இழிவுபடுத்துகிறது என்று பெல்ஜியத்தில் வாழும் காங்கோ நாட்டவர் ஒருவர் தொடுத்த வழக்கை பிரசெல்ஸ் நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. எர்ஜே தானே 1946 பதிப்பில் பல கட்டங்களை மாற்றி வரைந்திருந்தார் என்பது அதைவிடச் சுவாரசியமான செய்தி. அவரே தன் முதல் மறுவாசகர்.

நம் பக்கத்தில் உருப்படியான மறுவாசிப்பைச் செய்தவர் விஜயவாடாவைச் சேர்ந்த ஓவியர், ஆய்வாளர் உன்னமதி ஷ்யாம சுந்தர். 1932 முதல் 1948 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் அம்பேத்கரைப் பற்றி வந்த கார்ட்டூன்களை நூலகம் நூலகமாகத் தேடி, நூற்றுக்கு மேற்பட்டவற்றைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் அன்றைய அரசியல் பின்னணியை எழுதி 2019இல் நவயானா வெளியீடாகக் கொண்டுவந்தார். ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் அது வெறும் விளையாட்டு. நூறு படத்தை வரிசையாக வைத்தால் வேறொன்று தெரிகிறது. காந்தியும் நேருவும் பெரியவர்களாக நிற்கும் சட்டகத்துக்குள் அம்பேத்கர் மட்டும் அடிக்கடி சின்னப் பையனாக, பெண்ணாக, அழுதுகொண்டிருப்பவராக, குறுக்கே வந்து நிற்பவராக வருகிறார். சங்கரும் வரைந்திருக்கிறார், மற்றவர்களும் வரைந்திருக்கிறார்கள். யாரோ ஒருவரின் கெட்ட எண்ணம் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அது ஒரு பழக்கமாக இருந்திருக்கிறது. ஷ்யாம சுந்தர் ஒரு படத்தையும் கிழிக்கவில்லை. எல்லாவற்றையும் அச்சிட்டார். குற்றப்பத்திரிகைக்கு ஆவணம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். நீக்கம் சாதிக்காததை அந்தத் தொகுப்பு சாதித்தது.

நம் செங்கற்பட்டுக் கடற்கரையின் மிகப் பழைய கேலிச்சித்திரத்துக்கு வருகிறேன். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில், பெரிய யானைகளின் காலடிப் பக்கம், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனை. சுற்றிலும் எலிகள். மேலே ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் அதே கோலம். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி, முப்பது மீட்டர் நீளப் பாறையின் தெய்வங்களுக்கும் முனிவர்களுக்கும் நடுவே இதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறான். வழிகாட்டிகள் இன்று இதைக் காட்டிப் போலிச் சாமியார்களைக் கிண்டல் செய்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

இந்தக் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் இருக்கிறது. அங்கே அதைச் சொல்லி அனுப்புவது துரியோதனன். போர் தொடங்கும் முன் உலூகனைத் தூதனுப்பி, தருமன்தான் கங்கைக்கரையில் கைதூக்கி நின்று எலிகளைத் தின்ற பூனை என்று ஏளனம் செய்யச் சொல்கிறான். அரசுரிமை கேட்டு நிற்பவனை, அதைப் பறித்து வைத்திருப்பவன் அடிக்கும் கேலி. கதை நன்றாயிருக்கிறது, சிரிப்பும் வருகிறது. சொல்கிறவன் யார் என்று தெரிந்த பிறகு அதே சிரிப்பு தொண்டையில் சற்று நிற்கிறது. பாறையில் செதுக்கியவன் துரியோதனன் பெயரை எழுதி வைக்கவில்லை. ஆகவே பூனை பொதுச்சொத்தாகி, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு வேறு வேறு ஆளைக் குறித்துவருகிறது.

அந்தப் பாறைக்கு ஒரு தலைமுறை முந்தி, மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' காஞ்சித் தெருவில் ஒரு காபாலிகனையும் அவன் துணைவியையும் ஒரு பௌத்தத் துறவியையும் ஒரு பாசுபதனையும் மோதவிட்டுச் சிரிக்கிறது. காணாமல்போன கபாலத்தை நாய் தூக்கிப் போயிருக்கும். பழி துறவி மேல் விழும். 1917இல் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் பதிப்பித்த பிறகு இன்றும் ரசிக்கப்படும் அருமையான நாடகம். மகேந்திரனின் பட்டப்பெயர்கள் பல்லாவரம் குகையில் வரிசையாக வெட்டப்பட்டிருப்பதை எட்டாம் அத்தியாயத்தில் பார்த்தோம். கேலி செய்தவன் அரசன். அவனுக்குக் கல்லும் இருந்தது, உளியும் இருந்தது. அடிபட்ட துறவியும் காபாலிகனும் பதிலுக்கு எழுதிய நாடகம் எதுவும் நம் கைக்கு வரவில்லை. அம்பேத்கரின் பதில் மட்டும் அரசியல் நிர்ணய சபை விவாதத் தொகுதிகளில், 1949 நவம்பர் 25ஆம் தேதிப் பக்கங்களில், முழுசாக இருக்கிறது.

அடுத்த இதழில் 1929 பிப்ரவரிக்குப் போவோம். டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமை கேட்ட தீர்மானம், பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்ன தீர்மானம்.